மாப்பிள்ளையை நனைத்த சந்தேஷ்

கொல்கத்தா: மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளையின் முன் வெள்ளித் தட்டில் ஒரு சந்தேஷ் வைக்கப்பட்டது. பார்வைக்கு நுங்கு போலிருந்த அந்த இனிப்பு கையில் எடுத்தபோது கெட்டியாக இருந்தது. மாப்பிள்ளை நம்பிக் கடித்தார். உள்ளே ஒளிந்திருந்த பன்னீர்ப் பாகு பீறிட்டு அவருடைய பட்டுச் சட்டையை நனைத்தது. கதவுக்குப் பின்னால் காத்திருந்த பெண்கள் கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

ஹூக்ளி நதிக்கரையில் 19-ஆம் நூற்றாண்டில் நடந்ததாக வங்காளிகள் இன்றும் விரும்பிச் சொல்லும் கதை இது. தெலினிபாரா ஜமீன்தார் குடும்பத்துப் பெண்கள், மருமகனைக் கேலி செய்ய ஓர் இனிப்பு வேண்டும் என்று கேட்டனராம். பக்கத்து ஊரான சந்தன்நகரில் கடை வைத்திருந்த சூர்ய குமார் மோதக் அதைச் செய்து கொடுத்தாராம். அதன் பெயர் 'ஜொல்பொரா தாள்ஷான்ஷ்'. 'ஜொல்பொரா' என்றால் நீர் நிறைந்தது. 'தாள்ஷான்ஷ்' என்றால் நம்மூர் நுங்கேதான். நுங்கை விரலால் நோண்டும்போது சட்டையில் தெறிக்காமல் தப்பியவர் நம்மிலும் குறைவு என்பதால், இந்த வேடிக்கையைத் தமிழருக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை.

மருமகனை அழைத்து விருந்து வைக்கும் 'ஜமாய் ஷஷ்டி' வங்கத்தில் இன்றும் பெரிய நாள்தான். ஜேஷ்ட மாத வளர்பிறை சஷ்டியில் வரும் இந்நாளுக்கு மாநில அரசே தன் ஊழியர்களுக்கு அரை நாள் விடுமுறை அளித்தது உண்டு.

இனிப்பை வைத்து விளையாடுவது இப்போது உலகெங்கும் ஒரு வணிகமாகிவிட்டது. நியூயார்க்கில் 2016-ஆம் ஆண்டு 'ஐஸ்கிரீம் அருங்காட்சியகம்' என்ற பெயரில் ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. ஐஸ்கிரீம் மீது தூவும் வண்ணத் துணுக்குகளைப் பிளாஸ்டிக்கில் செய்து ஒரு குளம் நிறையக் கொட்டி, அதில் குதித்துப் புரண்டு புகைப்படம் எடுத்துக்கொள்ளச் செய்தனர். அதன் கிளை 2021-இல் சிங்கப்பூருக்கும் வந்தது. வாயில் போட முடியாத இனிப்பைப் பார்க்கவும் கட்டணம் செலுத்தி மக்கள் வரிசையில் நின்றனர்.

மேற்கு வங்க அரசு எடுத்த முயற்சி வேறு வகையானது. மாநிலத்தின் பெயர்பெற்ற மிட்டாய்க் கடைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, கொல்கத்தாவின் கிழக்கே நியூ டவுனில் 'மிஷ்டி ஹப்' என்ற இனிப்பு வளாகத்தை 2018 ஜூலையில் திறந்தது. பக்கத்தில் 480 ஏக்கர் பரப்புள்ள ஈகோ பூங்கா. அதற்குள் தாஜ்மஹால், எகிப்தியப் பிரமிடு உள்ளிட்ட உலக அதிசயங்களின் மாதிரிகள். அதிசயங்களைச் சுற்றிப் பார்த்துக் களைத்தவர்கள் இனிப்புச் சாப்பிட வருவார்கள் என்பது கணக்கு. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் இல்லாத ஒரு வாரத்தில் கொல்கத்தாவுக்குச் சென்ற இச்செய்தியாளர், அந்தக் கணக்கு எந்த அளவுக்குச் சரி என்று பார்க்க ஒரு மாலை நேரத்தைச் செலவிட்டார்.

கண்ணாடிக்குப் பின்னால்

குழந்தைகளுக்கு அது கொண்டாட்டமான இடம் என்பதில் ஐயமில்லை. மீன் வடிவில் சந்தேஷ், சங்கு வடிவில் சந்தேஷ், மாம்பழ வடிவில், பூ வடிவில் சந்தேஷ் எனக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஓர் உலகம். கன்னத்தைக் கண்ணாடியில் பதித்தபடி 'அது, அது' என்று விரல் நீட்டும் பிள்ளைகளும், ஒன்று வாங்கினால் போதும் என்று பேரம் பேசும் தாய்மார்களும் எங்கும் தென்பட்டனர். பெயர்களே பாதி விளையாட்டு. 'ஆபார் காபோ' என்ற இனிப்பின் பெயருக்கு 'மீண்டும் சாப்பிடுவேன்' என்று பொருள். 'லேடிகெனி' என்பது வைஸ்ராய் கேனிங் பிரபுவின் மனைவி லேடி கேனிங்கின் பெயர் வங்காளி நாவில் உருண்டு திரண்ட வடிவம். 1861-இல் கொல்கத்தாவில் காலமான அந்த அம்மையாரை இன்று வரலாற்று மாணவர்களைவிட மிட்டாய்ப் பிரியர்களே அதிகம் நினைக்கிறார்கள்.

ஆயினும் அங்கே ஒன்று குறைவதாகத் தோன்றியது. பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து அடுப்பும் தெரியவில்லை, மர அச்சும் தெரியவில்லை. கைகள் தெரிகின்றன, அவை பணம் வாங்கிப் பெட்டி கட்டும் கைகள். வடக்குக் கொல்கத்தாவின் பழைய கடைகளில் நின்றவர்களுக்கு இந்த வேறுபாடு சட்டெனப் புரியும். ஹேதுவா அருகே 1844-இலிருந்து நடந்துவரும் கிரீஷ் சந்திர தே - நகுர் சந்திர நந்தி கடையில், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வாடிக்கையாளர், அந்தப் பக்கம் சந்தேஷ் என்று தெருவை ஒட்டியே வியாபாரம். பள்ளி விட்டு வரும் மாணவியும் வேட்டி கட்டிய முதியவரும் அருகருகே நின்று இன்று எது நன்றாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். கடைக்காரரும் அதற்குப் பதில் சொல்கிறார்.

வங்கத்து இனிப்பு விளையாட்டின் அடிப்படையே இந்தக் கேள்வியும் பதிலும்தான். செய்பவருக்குத் தின்பவரைத் தெரியும். ஜமீன்தார் மருமகன் என்ன உடுத்தி வருவார் என்பது தெரிந்திருந்ததால்தான் அவரை நனைக்க முடிந்தது. மேலும், 'சானா' என்னும் பால்திரட்டில் செய்த பண்டம் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. செய்யும் இடமும் தின்னும் இடமும் நெருங்கியிருந்தாக வேண்டும். அரசாங்கங்கள் இந்த இனிப்புக்காகச் சட்டம் இயற்றின, பட்டம் வாங்கின, கட்டடம் எழுப்பின. இந்த நெருக்கத்தை மட்டும் அவற்றால் உண்டாக்க முடியவில்லை.

அச்சுக்குள் அடங்கிய நீர்

ஹவுராவிலிருந்து பாண்டெல் செல்லும் மின்ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சந்தன்நகர். புதுச்சேரியைப் போல இதுவும் பிரெஞ்சுக்காரர்களின் ஊராக இருந்தது. 1949-இல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் இந்தியாவுடன் சேர விரும்பியதால், புதுச்சேரிக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக 1950 மே 2-ஆம் தேதியே ஊரின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. நதிக்கரைச் சாலையும் பழைய மாளிகைகளும் புதுச்சேரிக் கடற்கரையை நினைவூட்டின. சூர்ய மோதக்கின் பெயர் தாங்கிய கடையும் இங்கேதான். ஜொல்பொராவைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் வருவதும் இங்கேதான்.

நீரைத் திடப்பொருளுக்குள் எப்படி அடைக்கிறார்கள்? கேட்க எளிய கேள்வி. விடை கைப்பழக்கத்தில் இருக்கிறது. காய்ச்சிய பசும்பாலைத் திரித்துத் துணியில் வடிகட்டினால் கிடைப்பது சானா. அதை உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துத் தேய்த்து மணல் போன்ற தன்மை போகும்வரை பிசைகிறார்கள். பிறகு சர்க்கரை சேர்த்து மெல்லிய தீயில் கிளறுகிறார்கள். சீக்கிரம் இறக்கினால் மென்பதமான 'நொரோம் பாக்'. ஈரம் வற்றும்வரை கிளறினால் 'கொடா பாக்' என்னும் கடும்பதம். ஜொல்பொராவுக்குக் கடும்பதமே உதவும். பதம் தளர்ந்தால் சந்தேஷே பாகை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கேலி செய்ய எதுவும் மிஞ்சாது.

மர அச்சின் ஒரு பாதியில் சந்தேஷை அழுத்தி, கட்டைவிரலால் குழி பறித்து, அதில் சிறிது பன்னீர்ப் பாகை ஊற்றி, மேலே இன்னொரு துண்டை வைத்து மூடி அழுத்துகிறார்கள். விளிம்பு சரியாகப் பொருந்த வேண்டும். ஓர் இழை விரிசல் இருந்தாலும் கசிந்துவிடும். குளிர்காலத்தில் பன்னீர்ப் பாகுக்குப் பதிலாக 'நொலேன் குர்' என்னும் புதிய ஈச்சம்பாகை ஊற்றுவது வழக்கம். விடியற்காலையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுக்கும் அதன் மணம் மார்கழி, தை மாதங்களில் வங்கத்தின் தெருவெங்கும் இருக்கும். இந்த வெல்லத்தில் செய்த சந்தேஷுக்கு 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எச்சரிக்கப்பட்டும் நனைந்தவர்களின் வரிசையில் இச்செய்தியாளரும் சேர்ந்தார் என்பது கூடுதல் செய்தி. முதலில் ஒரு சிறு ஓரத்தைக் கடித்துப் பாகை உறிஞ்சிவிட்டுப் பிறகு தின்பதே முறை என்று ஊர்க்காரர்கள் கற்றுக்கொடுத்தது அதற்குப் பிறகுதான்!

பாலுக்காக வந்த தடை

இவ்வளவு விளையாட்டான பண்டம் ஒரு காலத்தில் மாநிலத்தில் தடை செய்யப்பட்டிருந்தது என்றால் இளைய தலைமுறை நம்ப மறுக்கும். 1965-இல் முதல்வராக இருந்தவர் காந்தியவாதியான பிரபுல்ல சந்திர சென். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் பால் கிடைக்காத நிலையில், கடைகள் அதைத் திரித்து ரசகுல்லா செய்வதா என்பது அவர் கேள்வி. சானா இனிப்புகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஆணை பிறந்தது. ரசகுல்லாவும் சந்தேஷும் கடைத்தட்டுகளிலிருந்து மறைந்தன. தலைமுறை தலைமுறையாகச் சானா பிசைந்தே வாழ்ந்த மொய்ரா குடும்பங்களின் பிழைப்பு ஒரே உத்தரவில் ஆட்டம் கண்டது.

கேள்வி நியாயமற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் வங்காளியின் திருமணத்திலும் சீமந்தத்திலும், தேர்வு முடிவு வந்த மாலையிலும் இனிப்பு இல்லாமல் இருக்கச் சொன்னது, உண்ணாவிரதம் இருக்கச் சொன்னதைவிடக் கடினமாகப் போயிற்று. 1966-இல் அரிசித் தட்டுப்பாடு மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1967 தேர்தலில் ஆராம்பாக் தொகுதியில் பிரபுல்ல சென் அஜய் முகர்ஜியிடம் தோற்றார். காங்கிரஸ் ஆட்சியும் போயிற்று. தோல்விக்கு முதற்காரணம் அரிசிதான், ரசகுல்லா அல்ல. அதே ஆண்டு அதே அரிசி தமிழகத்திலும் ஆட்சியை மாற்றியதை வாசகர்கள் அறிவர். எனினும் கொல்கத்தாவின் முதியவர்களிடம் அந்த ஆட்சியைப் பற்றிக் கேட்டால், அரிசியோடு சந்தேஷும் சேர்ந்தே பேச்சில் வருகிறது.

இதற்கு நேர்மாறான காட்சி 2020-இல் அரங்கேறியது. கொரோனா பொதுமுடக்கத்தால் மார்ச் மாதக் கடைசியில் எல்லாக் கடைகளும் அடைபட்டபோது, மாட்டுக்காரர்கள் கறந்த பாலை என்ன செய்வதென்று தெரியாமல் சாக்கடையிலும் வயலிலும் கொட்டினர். வங்கத்தின் பாலில் பெரும்பங்கைத் தினமும் வாங்கிக்கொண்டிருந்தவை மிட்டாய்க் கடைகள் என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. சில நாள்களிலேயே மம்தா பானர்ஜி அரசு, மிட்டாய்க் கடைகள் நண்பகல் 12 மணி முதல் மாலை 4 மணி வரை திறக்க அனுமதி அளித்தது. ஊரே அடங்கியிருக்கும்போது ரசகுல்லா அத்தியாவசியமா என்று பிற மாநிலத்தார் சிரித்தனர். சிரிக்க ஒன்றுமில்லை. 1965-இல் பாலைக் காப்பாற்ற இனிப்பை நிறுத்தினார்கள். 2020-இல் அதே பாலைக் காப்பாற்ற இனிப்புக் கடையைத் திறந்தார்கள். கடைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் உள்ள தொலைவு ஒரு பகற்பொழுது மட்டுமே. நடுவில் எது நின்றாலும் இரண்டு முனையும் நின்றுவிடும்.

சென்னையில் தீர்ந்த வழக்கு

சட்டம் இனிப்புக்குச் செய்த நன்மையும் உண்டு. பொருள்களின் புவிசார் குறியீடுகள் சட்டத்தை நாடாளுமன்றம் 1999-இல் நிறைவேற்றியபோது, டார்ஜிலிங் தேயிலையும் பாசுமதி அரிசியுமே எல்லோருடைய மனத்திலும் இருந்தன. 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் ஒருநாள் ரசகுல்லாவுக்காக இரு மாநிலங்களை எதிரெதிரே நிறுத்தும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். குறியீட்டுப் பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில் என்பதால், வங்கத்துக்கும் ஒடிசாவுக்குமான இந்தப் பஞ்சாயத்து தமிழகத் தலைநகருக்கு வந்து சேர்ந்தது.

பாக்பஜாரின் நொபின் சந்திர தாஸ் 1868-இல் உருவாக்கியதே பஞ்சு போன்ற ரசகுல்லா என்பது வங்கத்தின் வாதம். அவருடைய மகன் கே.சி. தாஸ் அதை 1930-இல் தகர டப்பாவில் அடைத்துத் தொலைதூரம் அனுப்ப வழி கண்டார். ஓரிரு நாள் மட்டுமே தாங்கும் பண்டம் என்ற விதிக்கு அது ஒரு விலக்கு. ஒடிசாவோ பூரி ஜகந்நாதர் கோயிலைச் சுட்டியது. ரத யாத்திரை முடிந்து திரும்பும் பெருமாளை, தன்னை விட்டுவிட்டு உடன்பிறந்தாரோடு சென்றதற்காக மகாலட்சுமி வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துகிறாள். இரு தரப்புச் சேவகர்களும் வாதாடுகிறார்கள். கடைசியில் ரசகுல்லா கொடுத்துத்தான் பெருமாள் உள்ளே போகிறார். ஸ்ரீரங்கத்தில் பங்குனியில் நடக்கும் மட்டையடி உற்சவத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊடல் புதிதாக இராது. அங்கே சமாதானம் செய்ய நம்மாழ்வார் வருகிறார். பூரியில் ரசகுல்லா வருகிறது.

'பங்ளார் ரசொகொல்லா'வுக்கு 2017 நவம்பர் 14 அன்று குறியீடு கிடைத்தது. 'ஒடிசா ரசகோலா'வுக்கு 2019 ஜூலையில் தனிக் குறியீடு வழங்கப்பட்டது. முன்னது வெள்ளையாய்ப் பஞ்சு போன்றது. பின்னது பழுப்பேறி, நாவில் கரைவது. இரண்டும் வெவ்வேறு பொருள் என்று பதிவகம் கண்டதால் இருவருக்கும் வெற்றி. குறியீடு பெயரைத்தான் காக்கும், பெயருக்குரிய பண்டத்தைச் செய்யும் கையை அல்ல. தடையாணை செய்த தவறை இது செய்யவில்லை. அந்தக் கைக்கு ஒரு ரூபாய் கூடுதல் கூலியையும் இது தந்துவிடவில்லை.

அதே 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி., இனிப்புக்கு 5 சதவீத வரி விதித்தது. ஆகஸ்டில் வங்கத்து மிட்டாய்க் கடைக்காரர்கள் கடையடைத்துப் போராடினர். வரியைவிட அவர்களை மிரட்டியது கணக்குப் புத்தகம். காலையில் பால் வாங்கி இரவுக்குள் கல்லாவைக் கவிழ்க்கும் சிறு கடைக்காரர், மாதக் கணக்கைக் கணினியில் ஏற்ற ஆளுக்கு எங்கே போவார்? சாதாரண சந்தேஷுக்கு ஒரு விகிதம் என்றால், சாக்லேட் சேர்த்த சந்தேஷ் இனிப்பா சாக்லேட்டா என்ற ஆராய்ச்சியும் நடந்தது. தில்லியில் வரி விகிதங்களைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கே அது புதிய வேதாந்தமாக இருந்தது.

நிற்காத வண்டிகள்

அரசின் கட்டடங்களுக்கு நேர்ந்த கதையைப் பார்க்க நியூ டவுனைவிட பர்த்வான் பொருத்தமான இடம். சீதாபோக், மிஹிதானா என்ற இரு இனிப்புகளுக்குப் புகழ்பெற்ற அவ்வூரின் அருகே, நெடுஞ்சாலை ஓரமாக 2017-இல் ஓர் இனிப்பு வளாகம் திறக்கப்பட்டது. கடைகள் இருந்தன, விளக்குகள் இருந்தன, வண்டிகள்தான் நிற்கவில்லை. விரைவுச் சாலையில் பறப்பவர்கள் வழக்கம்போல் சக்திகட் வரை சென்று, அங்கே வரிசையாக உள்ள பழைய லேங்சா கடைகளில் இறங்கினர். வளாகத்தில் கடைகள் மூடப்பட்டன. மீண்டும் திறக்கப் பலமுறை முயற்சி எடுக்கப்பட்டது. சக்திகட்டில் கடைகளை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. ஒருவர் நின்றார், இன்னொருவர் நின்றார், கடை வளர்ந்தது. அங்கே நிற்பது பயணிகளின் பழக்கமாகிவிட்டது; பழக்கத்தை அரசாணையால் பத்துக் கிலோமீட்டர் தள்ளி வைக்க முடியவில்லை.

நியூ டவுன் வளாகத்துக்கு அந்த நிலை நேரவில்லை. பூங்காவுக்கு வரும் கூட்டம் அதற்குக் கைகொடுக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அடுப்பையும் ஓர் அச்சையும் வைத்து, குழந்தையின் கையில் சானாவைக் கொடுத்து அழுத்தச் சொன்னால் என்ன என்ற எண்ணம் எழாமல் இல்லை. பிளாஸ்டிக் துணுக்குக் குளத்தைவிட அது மலிவு. அழுத்தியதைத் தின்னவும் செய்யலாம்.

அந்த அச்சுகளைச் செதுக்குபவர்கள் கொல்கத்தாவின் சித்பூர் சாலையில், நூதன் பஜார் பகுதியில் இருக்கிறார்கள். மீனின் செதிலையும் சங்கின் சுழியையும் மரத்தில் தலைகீழாகக் குடைந்தெடுக்கும் நுட்ப வேலை அது. அச்சில் பள்ளமாக இருப்பதுதான் சந்தேஷில் மேடாக வரும். திருமணச் சீர்வரிசையில் அனுப்பும் பெரிய மீன் சந்தேஷுக்குப் பெரிய அச்சு; நுங்குக்குச் சிறியது. ஒரு நல்ல அச்சு பல ஆண்டுகள் உழைக்கும் என்பது வாங்குபவருக்கு லாபம், செதுக்குபவருக்கு நட்டம். மிட்டாய்க் கடைகள் கேட்காத மாதங்களில் அவர்கள் சப்பாத்திப் பலகையும் உருட்டுக் கட்டையும் கடைந்து விற்கிறார்கள். கடையின் முன்பகுதியில் தொங்குவது பெரும்பாலும் அவைதான். அச்சு வேண்டும் என்று கேட்டால் உள்ளே போய்த் தேடி, தூசி தட்டி எடுத்து வருகிறார்கள்.